கரி இல்லாத எஞ்சின்

ஒரு நேர்மையான தொழிலாளியின் பிழைப்பை நான் கெடுத்தேன்.

அவனை அடிக்கவில்லை. அவன் பொருளைத் திருடவில்லை. யாரிடமும் போய்க் கோள் சொல்லவும் இல்லை. ஸ்டியரிங் வளையத்துக்குக் கீழே இருந்த ஒரு சிறு கம்பியை அரை அங்குலம் முன்னே தள்ளினேன். பிறகு ஒரே ஒரு சொல் பொய் சொன்னேன். அவ்வளவுதான்... அதுவே போதுமானதாக இருந்தது!

இதைப் படிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் சொல்வது சுலபம் என்றுதான் உங்களைப் பிடித்துக்கொண்டேன். முகம் தெரிந்தவர்களிடமெல்லாம் நான் நல்லவனாக இருந்து பழகிவிட்டேன். ஜார்ஜ் டவுனில் எந்த டிரைவரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். "அரங்கசாமி அண்ணனா? தங்கமான மனுசன் லா" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது.

அப்போது நான் சூலியா தெருவில் வாசனைச் சரக்கு வியாபாரம் செய்துவந்த ஒரு மரைக்காயரிடம் டிரைவராக இருந்தேன். பாலிக் புலாவில் அவருக்கு ஜாதிக்காயும் கிராம்பும் விளைகிற தோட்டம் இருந்தது. ஏழு பேர் உட்காரக்கூடிய அமெரிக்கக் கார் ஒன்று வைத்திருந்தார். வாரம் தவறாமல் ஆயர் ஈத்தாம் வழியாக மலைச்சாலையில் ஏறி இறங்கித் தோட்டத்துக்குப் போவோம். முதலாளி நல்ல மனிதர். சிக்கனக்காரர், ஆனால் கஞ்சர் அல்ல. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது புரிந்திருக்கவில்லை.

எனக்குக் கார்க் கொட்டகையின் மேலே ஒரு பலகை அறை. கட்டில் போட்டால் கதவு திறக்காது. அதனால் என் மனைவி அஞ்சலை கடலுக்கு அக்கரையில், பத்து காவான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டு தன் தாய்வீட்டோடு இருந்தாள். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், லீவு எப்போது கிடைக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார்.

"காடிக்கு என்னைக்கு லீவோ, அன்னைக்குத்தான்பா ஒனக்கும் லீவு!"

காடி என்றால் எங்கள் பேச்சில் கார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன். வேட்டியின் நுனியில் முடிந்துகொள்வதைப்போல அந்த வார்த்தையை முடிந்துகொண்டேன். அதன்பிறகு அவரிடம் லீவு என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களும் அப்படித்தான். முதலாளி ஒருமுறை சொன்னால் அதை மறுபடி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற கூட்டம் நாங்கள்.

அந்தக் காருக்கு லீவே கிடையாது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல், ஞாயிற்றுக்கிழமை தோட்டம், பெருநாள் வந்தால் சொந்தக்காரர் வீடுகள். தீபாவளிக்கு எனக்குப் புது வேட்டியும் சட்டையும் வாங்கித் தந்தார். அதை உடுத்திக்கொண்டு துறைமுகத்துக்கும் கடைக்கும் இரண்டு நடை ஓட்டினேன்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒன்பதாவது மாதம் மலை ஏறும்போது எஞ்சின் சத்தம் போட்டது.

உங்களிடம் கார் இல்லையென்றால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எஞ்சினுக்குள்ளே பெட்ரோல் எரிந்து எரிந்து கரி படியும். படிந்த கரி கூடிவிட்டால், மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ சிறு சுத்தியலால் தட்டுவதுபோல் 'டக் டக்' என்று கேட்கும். அப்போது பட்டறைக்குக் கொண்டுபோய் எஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றி, கரியைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்து, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டுவார்கள். நாங்கள் அதைக் 'கரி எடுக்கிறது' என்போம். இரண்டு முழு நாள் ஆகும்.

இரண்டு முழு நாள் காருக்கு லீவு! ஆகவே எனக்கும் லீவு!

மெக்காலிஸ்டர் ரோட்டுப் பக்கம் ஒரு சீனத் தவுக்கே சொந்தமாக நடத்திய பட்டறையில் காரை விட்டேன். எதிர்க்கரையில் உள்ள பிறைக்குப் படகு ஏறி, பஸ்ஸில் சிம்பாங் அம்பாட் போய் இறங்கி, நடந்து, ஆற்றைச் சம்பான் என்கிற சிறு படகில் கடந்து, பொழுது சாய்கிற நேரத்துக்குத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். என் மகள் என்னைக் கண்டதும் அஞ்சலையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மறுநாள் மதியம்தான் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் நான் கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

ஆற்றங்கரைவரை வந்த அஞ்சலை கேட்டாள்: "அடுத்து எப்ப வருவீங்க?"

"காடிக்கு மறுபடி கரி புடிக்கணும்."

"அப்படின்னா சீக்கிரம் புடிக்கட்டும் மாரியாத்தா! நல்லா கெட்டியா புடிக்கட்டும்!"

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சம்பான் நடு ஆற்றுக்குப் போனபின் திரும்பிப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காலத்துக் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கம்பி இருக்கும். எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் ஆக்குவதற்கு அது. சமதரையில் ஓடும்போது கம்பியை முன்னே வைப்போம். மேடு ஏறும்போது பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்க மறந்துவிட்டால் எஞ்சின் 'டக் டக்' என்று கத்தும். கரி பிடித்த எஞ்சின் போடுகிற அதே சத்தம்! பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஒன்றரை மாதம் கழித்து, ஆயர் ஈத்தாம் மேட்டில், நான் கம்பியை இழுக்க மறந்தேன்.

பொய்! மறக்கவில்லை. மறந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சொல் அது. உங்களிடமும் பழக்கதோஷத்தில் அப்படியே எழுதிவிட்டேன், பாருங்கள்!

"என்னாப்பா, மறுபடியும் சத்தம் போடுது?" என்றார் முதலாளி.

"கரி முதலாளி. இந்த மலை ஏறுறதுல சீக்கிரமா புடிச்சிக்கிது."

"அப்ப எடுத்துறு. காடி முக்கியம்."

அவ்வளவு எளிதாக முடிந்தது. அதன்பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கரி எடுப்பது வழக்கமாயிற்று. என் மகள் ஒளிவதை நிறுத்தினாள். நான் வருவது தெரிந்தால் ஆற்றங்கரைக்கே வந்து நிற்கத் தொடங்கினாள்.

நீங்கள் என்னைத் திட்டுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். மனைவியையும் பிள்ளையையும் பார்க்கப் போவது குற்றமா? இல்லைதானே! அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் நான் இத்தனை வருஷமாக ஒளிந்துகொண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வி அதுவாக இருக்காது. அவனைப் பற்றித்தான் கேட்பீர்கள்.

அவன் பெயர் சவரிமுத்து. அந்தப் பட்டறையில் எஞ்சின் பிரித்துப் பூட்டுகிற பிட்டர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னை அண்ணே என்பான், நானும் அவனை அண்ணே என்பேன். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கண்ணை மூடிக்கொண்டு பானெட்டின் மேல் காதை வைத்து, எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவான். பிறகு திறந்து பார்த்தால் அதுதான் இருக்கும். தான் சொன்னது சரியாக இருந்தால் சின்னப் பிள்ளைமாதிரி சந்தோஷப்படுவான்.

நாலாவது தடவை காரைக் கொண்டுபோனபோதே என்னைத் தனியாக அழைத்துச் சொன்னான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நான் சொரண்ட உள்ள கரியே இல்ல. பிஸ்டன் மூஞ்சி கண்ணாடிமாதிரி இருக்கு. எதுக்கு முதலாளி காச வீணாக்கணும்? எஞ்சினைச் சும்மா சும்மா தொறந்து மூடுனாலும் கெட்டுப்போகும் லா."

"முதலாளிக்குப் பயம் அண்ணே. மலைமேல நின்னுறுமோன்னு."

"அப்ப சரி. எடுத்துர்றேன்."

எடுத்தான். இல்லாத கரியையும் ஒழுங்காகச் சுரண்டி, வால்வைத் தேய்த்து, கழுவிப் பூட்டினான். காசு வாங்கினால் வேலையைச் செய்துவிட வேண்டும் என்பது அவன் கொள்கை.

அந்த நேரத்தில் அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே! 'அண்ணே, என் வீட்டுக்காரி அக்கரையில் இருக்கிறாள்' என்று ஒரு வார்த்தை... அவனும் பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவன்தான். நான் கேட்டிருந்தால் எனக்காகக் காரை இரண்டு நாள் பட்டறையில் சும்மா நிறுத்தி வைத்துக்கூட இருப்பான். ஏன் சொல்லவில்லை? வெட்கமா? அவன் என்னைக் கெட்டிக்கார டிரைவர் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அந்த நினைப்பைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதற்குள் ரப்பர் விலை விழுந்துவிட்டது. தோட்டங்களில் ஆட்குறைப்பு, பட்டணத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளியும் ஒவ்வொரு செலவையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். எஞ்சின் சுத்தம் செய்கிற செலவு கண்ணில் பட்டது. அவர் நண்பர்களிடம் யோசனை கேட்டார். காரில் போகும்போது அந்தப் பேச்சுதான்.

"வயித்துக்குப் பேதி மருந்து குடுக்குறமாதிரிதான் மரைக்காரே. மாசா மாசம் கழுவிறணும்" என்றார் துணிக்கடைக்காரர்.

"ஓடுற எஞ்சினைத் தொறக்கிறவன் மடையன். என் காடிக்கு மூணு வருசமா மேல தொடைக்கிறதோட சரி" என்றார் அரிசி வியாபாரி.

இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். இரண்டு பேரும் தங்கள் கையால் பானெட்டைத் திறந்தவர்கள் அல்ல. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டார். காசு கொடுத்துக் கரி எடுப்பது தகுமா தகாதா? அன்றைக்குக் கார் வைத்திருந்த எல்லோருக்கும் இருந்த சந்தேகம்தான் அது. ஆனால் பதில் தெரிந்தவன் அவருக்கு மூன்று அடி முன்னால், வாயை மூடிக்கொண்டு காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் நான் அக்கரைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது அஞ்சலை நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். முதல் பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிய காரியம். அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லை.

"மாசக் கடைசில ஆயிரும்னு மருத்துவச்சி சொல்றா. இந்தத் தடவ நீங்க இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள்.

"வர்றேன். கண்டிப்பா வர்றேன்."

வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்த மூன்றாம் வாரம் முதலாளி ஒரு முடிவோடு காரில் ஏறினார்.

"பட்டறைக்கு விடு. அந்தப் பிட்டரையே கேட்டுப்புடுவோம்."

பட்டறை வாசலில் காரை நிறுத்தியதும் சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முதலாளி நேராகக் கேட்டார். அவனும் நேராகச் சொன்னான்.

"முதலாளி, இந்த எஞ்சினுக்கு வருசத்துக்கு ஒருக்கா எடுத்தா போதும். போன தடவ சொரண்டுனதுல ஒரு தேக்கரண்டிகூடத் தேறல. இவ்வளவு அடிக்கடி தேவையில்ல."

"அப்ப மேட்டுல சத்தம் வருதே?"

"வரக்கூடாது முதலாளி. இப்பவே மலைக்குப் போவோம், நானும் வர்றேன். நான் கரி எடுத்த எஞ்சின் சத்தம் போட்டுச்சின்னா, நான் பிட்டரே இல்ல."

முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. "சரி. இன்னைக்குச் சத்தம் வரலன்னா, இனி வருசத்துக்கு ஒருக்காதான். அரங்கா, எடு காடிய."

வருஷத்துக்கு ஒருமுறை! அப்படியென்றால் என் மகளைப் பார்ப்பதும் வருஷத்துக்கு ஒருமுறை. அஞ்சலையின் பிரசவத்துக்கு நான் இல்லை. அவள் பிழைத்தாளா என்பதும் யாராவது வந்து சொன்னால்தான் தெரியும்.

ஆயர் ஈத்தாம் சந்தையைத் தாண்டினோம். மேடு தொடங்கும் இடத்தில் சவரிமுத்து காரை நிறுத்தச் சொன்னான். பிட்டர்கள் சத்தம் கேட்கிற முறை ஒன்று உண்டு. இடதுபக்கத்துப் படிப்பலகையில் ஏறி நின்று, விளக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பானெட்டின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, உள்ளே காதைக் கொடுத்துக்கொண்டே வருவார்கள். அவனும் அப்படி ஏறி நின்றான். அங்கிருந்து பார்த்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே என் கை தெரியாது.

ஏறத் தொடங்குவதற்கு முன் அவன் குரல் கொடுத்தான்.

"அண்ணே, கம்பியப் பின்னுக்கு இழுத்துட்டீங்கதானே?"

"இழுத்துட்டேன்."

இதுதான் நான் சொன்ன அந்த ஒரு சொல்.

அவன் இறங்கி வந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? டிரைவர் சொன்னால் பிட்டர் நம்புவான். பிட்டர் பூட்டிக் கொடுத்தால் டிரைவர் நம்பி மலையில் ஓட்டுவான். அந்த நம்பிக்கை இல்லாமல் எந்தக் காரும் ஓடாது.

கம்பியை நான் பின்னுக்கு இழுத்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்து இன்னும் அரை அங்குலம் முன்னே தள்ளினேன்.

அவனைப் பற்றி அப்போது நினைக்கவில்லை என்று பல வருஷம் எனக்குள் சொல்லிவந்தேன். என் மனைவியைத்தான் நினைத்தேன், வேறு எதுவும் தோன்றவில்லை என்று... இல்லை! நினைத்தேன். கம்பியில் விரல் வைத்தபோது சவரிமுத்துவின் பேச்சுப் பொய்யாகும் என்று தெரிந்தது. தெரிந்துதான் தள்ளினேன்.

எஞ்சின் கத்தியது. அதுவரை கேட்டிராத அளவுக்குக் கத்தியது!

திறந்த பானெட்டுக்கு மேலே அவன் முகம் எனக்குத் தெரிந்தது. முதலில் புருவம் சுருங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையை இன்னும் உள்ளே கொடுத்தான். மூன்றாவது வளைவில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். காரை நிறுத்துவதற்குள் நான் கம்பியைப் பின்னுக்கு இழுத்துவிட்டேன். அவன் இறங்கி வந்து என் பக்கம் குனிந்து பார்த்தான். கம்பி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"வரக்கூடாதே..." என்றான். அதை முதலாளியிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

முதலாளி காரைத் திருப்பச் சொன்னார். பட்டறையில் இறங்கியதும் தவுக்கேயைக் கூப்பிட்டார். மற்ற பிட்டர்களும், வாசலில் நின்ற நாலைந்து டிரைவர்களும் கேட்கும்படி பேசினார்.

"சொரண்ட ஒண்ணுமில்லன்னு இவனே சொல்றான். எஞ்சின் அந்தக் கத்து கத்துது. அப்ப இவன் தொறக்கவே இல்ல! தொறக்காமலே காசு வாங்கியிருக்கான்!"

அவன் சொன்ன உண்மையே அவனுக்கு வினையாயிற்று. 'கரி நிறைய இருந்தது முதலாளி' என்று முன்பே ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். தவுக்கேக்கு ஏற்கெனவே வேலை குறைவு, ஆட்கள் அதிகம். அவர் கையை ஒருமுறை வீசி, "சூடா லா" என்றார். முடிந்தது, போ என்று அர்த்தம்.

சவரிமுத்து கெஞ்சவில்லை. என்னைப் பார்த்தான். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நான் எடுத்ததப் பாத்தீங்கல்ல? எஞ்சின் தலையிலேருந்து கழட்டுன பழைய பேக்கிங்கக்கூட உங்க கையில குடுத்தேனே!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் அப்ப இல்ல அண்ணே, ஒரு வேலையா போயிட்டேன்" என்றேன்.

அது உண்மைதான்! நான் அப்போது சம்பானில் இருந்தேன். பேக்கிங்கை வாங்கியதை மட்டும் விழுங்கிவிட்டேன். உண்மையைச் சொல்லியும் ஒருவனைக் கொல்லலாம் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

கார் கரி எடுக்க வேறொரு பட்டறைக்குப் போயிற்று; அங்கே காசை வாங்கிக்கொண்டு வேலையை முடித்தார்கள், கரி இருந்ததா என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு நாள் கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்த அன்று காலையில்தான் அஞ்சலைக்கு வலி எடுத்திருந்தது. நான் வாசலில் உட்கார்ந்திருக்க, உள்ளே என் மகன் பிறந்தான். அஞ்சலை நலமாக இருந்தாள். மருத்துவச்சி பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

அப்போது எனக்குச் சவரிமுத்துவின் நினைவு வந்ததா? வரவேயில்லை! அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். மறைக்காமல் சொல்வதென்றால், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் வேறு இல்லை. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. மறுபடி கம்பியைத் தொட எனக்குக் கை வரவில்லை. முதலாளி முன்னால் போய் நின்று லீவு கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஒனக்குப் பெண்டாட்டி புள்ள இருக்கா? சொல்லவே இல்லியேப்பா! போ, போ, மூணு நாள் இருந்துட்டு வா. நான் ரிக்ஷாவுல போய்க்கிறேன்."

அவ்வளவுதான்! ஒன்றரை வருஷமாக நான் பொய்யாக எஞ்சினைக் கத்தவிட்டதெல்லாம், ஒருமுறை வாயைத் திறந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்காக!

உடனே அவரிடம் சவரிமுத்துவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடும். ரப்பர் விலை விழுந்த காலத்தில் வேறு வேலை கிடைக்காது. இப்போது இரண்டு பிள்ளைகள்... காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் நல்ல காரணங்கள்.

சவரிமுத்துவை எந்தப் பட்டறையும் எடுத்துக்கொள்ளவில்லை. டிரைவர்கள் அவனுக்கு 'டக்டக் சவரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் தெருவில் போனால் சிலர் நாக்கைத் தட்டிச் சத்தம் எழுப்புவார்கள். நானும் அங்கே நின்றிருக்கிறேன். சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. இதற்கிடையில் எனக்கு வேறு பெயர் வந்தது. பிட்டருக்கே கேட்காத சத்தம் அரங்கசாமி காதுக்குக் கேட்கும் என்றார்கள். கார் வாங்குகிறவர்கள் என்னை அழைத்துப்போய் எஞ்சினைக் கேட்கச் சொன்னார்கள்!

சில மாதம் அவன் கிடங்குகளில் மூட்டை தூக்கினான் என்று கேள்விப்பட்டேன். அந்த வேலையும் நிற்கவே, கப்பலேறிச் சொந்த ஊருக்குத் திரும்பும் கூட்டத்தோடு பெயர் கொடுத்துவிட்டான். கப்பலுக்குப் போகும் நாளில், உறவினர் ஒருவரை வழியனுப்ப முதலாளி வந்திருந்தார். நான் காரோடு துறைமுகத்தில் நின்றேன். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சவரிமுத்து நேராக என்னிடம் வந்தான். கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

கேட்டான். ஆனால் நான் பயந்ததை அல்ல.

"அண்ணே, அன்னையிலேருந்து நெனைச்சிக்கிட்டே இருக்கேன். நான் எதையோ விட்டுட்டேன். வால்வா, பேக்கிங்கா, என்னன்னு புரியல. என் காது கெட்டுப்போச்சோன்னும் தோணுது. அடுத்த தடவ எஞ்சினைத் தொறந்தா, நான் எங்க தப்புப் பண்ணேன்னு பாத்து ஒரு கடுதாசி போடுறீங்களா?"

ஊர் முகவரி எழுதிய காகிதத்தை என் சட்டைப்பையில் வைத்தான். வாங்கிக்கொண்டு, "போடுறேன் அண்ணே" என்றேன்.

கப்பல் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் நான் காரின் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவனிடமிருந்து கடிதம் வந்தது. திறந்தீர்களா அண்ணே, என்ன இருந்தது? பக்கத்து ஊரில் ஒருவர் பஸ் விட்டிருக்கிறார், பிட்டர் வேலைக்குக் கூப்பிடுகிறார், என் தப்பு என்னவென்று தெரியாமல் இன்னொருவர் எஞ்சினில் கை வைக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தான்.

காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். 'உங்கள் மேல் தப்பே இல்லை' என்று எழுதினேன். எழுதியதும், அப்படியானால் சத்தம் எப்படி வந்தது என்று கேட்பானே என்று தோன்றியது. கிழித்துப்போட்டேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் கிழித்தேன். கடைசியில் அவன் இனிமேல் கேட்காதபடி ஒரு பதில் எழுதினேன்.

'இரண்டாவது வால்வு சரியாக உட்காரவில்லை. அதுதான் காரணம்.'

பட்டறையில் உட்கார்ந்து வால்வு தேய்க்கும்போது, ஊரிலேயே தன்னைப்போல் யாரும் உட்காரவைக்க முடியாது என்று பெருமை பேசுவான். அதையே பார்த்து எழுதினேன். தெரிந்தா எழுதினேன், தெரியாமலா?

இரண்டு மாதம் கழித்து அவன் பதில் வந்தது. நாலே வரி. அதை உங்களுக்காக அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

'அன்புள்ள அண்ணனுக்கு, கடிதம் கிடைத்தது. இப்போதுதான் மனது அடங்கியது. வால்விலேயே தவறியவன் இனி எஞ்சினைத் தொடக்கூடாது என்று முடிவுசெய்து, சாமான்களை விற்றுவிட்டு வயல் வேலைக்குப் போகிறேன். மறைக்காமல் உண்மையைச் சொன்ன நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.'

நன்றாகத்தான் இருக்கிறேன். அஞ்சலையும் பிள்ளைகளும் இப்போது என்னோடு டவுனில் இருக்கிறார்கள். நேற்றுக்கூட ஒருவர் புதுக் காரோடு வந்து, இந்த எஞ்சினுக்குக் கரி எடுக்க வேண்டுமா, நீங்களே கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் குனிந்து, பானெட்டின் மேல் காதை வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.